பொந்து விழுந்த பலா... வெட்டலாமா, விடலாமா?

“கீழ்ப்பழனி மலையில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. ஊடே மிளகும் ஆரஞ்சும் உண்டு. வீட்டுக்கு மேற்கே என் மாமனார் காலத்துப் பலா மரம் ஒன்று நிற்கிறது. இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதை விற்றுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மர வியாபாரியும் வந்து பார்த்துவிட்டார். போன வாரம் பொழுது சாய்ந்த நேரத்தில், அந்த மரத்துப் பொந்திலிருந்து பூனை அளவில் ஏதோ ஒன்று தலையை நீட்டியது. கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி, போர்வையை விரித்ததுபோல் பக்கத்து மரத்துக்குப் பாய்ந்துவிட்டது. அது என்ன? மரத்தை வெட்டினால் அது என்னவாகும்? நாங்கள் என்ன செய்யலாம்?”

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

அந்த வாசகி பார்த்தது பறக்கும் அணில். காட்டை ஒட்டிய மலைத்தோட்டங்களில் இது வழிவழியாகக் குடியிருக்கிறது. ஆனால், இரவில் மட்டுமே நடமாடுவதால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூடப் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கேரளத்தில் இதைப் ‘பாறான்’ என்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பகுதியில் இரண்டு வகைப் பறக்கும் அணில்கள் உள்ளன. பெரியது, இந்தியப் பெரும் பறக்கும் அணில். தலையும் உடலும் சேர்ந்து ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம் இருக்கும். புசுபுசுவென்ற வால் அதைவிடச் சற்று நீளம். முதுகு கரும்பழுப்பாகவும் இடையிடையே நரைத்தாற்போலவும் இருக்கும். வயிற்றுப்பக்கம் வெளிறியிருக்கும். பூனை அளவு என்று வாசகி சொல்வதால், அவர் பார்த்தது இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். சிறியது, திருவிதாங்கூர் பறக்கும் அணில். இது ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்து, 1989-ல் கேரளத்தில் மறுபடியும் பதிவானது. இரவில் மட்டும் வெளியே வரும் உயிரினம் எவ்வளவு எளிதாக மனிதர் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதற்கு இதுவே சாட்சி.

பறப்பதில்லை, சறுக்குகிறது!

பெயரில் ‘பறக்கும்’ என்று இருந்தாலும், இந்த அணில் வௌவாலைப்போல் இறக்கை அடித்துப் பறப்பதில்லை. இதன் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே, உடலின் இரு பக்கமும் மயிரடர்ந்த தோல்மடிப்பு இருக்கிறது. மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்பு ஒன்று, குடைக்கம்பிபோல அந்தத் தோலை விரித்துப்பிடிக்கிறது. மரத்தின் உச்சிக்கு ஏறி, நான்கு கால்களையும் விரித்துக் குதித்தால், காற்றில் சறுக்கியபடி அடுத்த மரத்தை அடைந்துவிடும். மரத்தை நெருங்கும்போது உடலை மேல்நோக்கி நிமிர்த்தி வேகத்தைக் குறைத்து, நான்கு காலாலும் அடிமரத்தைப் பற்றிக்கொள்ளும். உடனே மளமளவென்று மேலே ஏறி, அடுத்த பாய்ச்சலுக்குத் தயாராகும்.

அதாவது, புறப்படும் இடத்தைவிடத் தாழ்வான இடத்தில்தான் இது போய் இறங்க முடியும். அதனால்தான் இதற்கு உயரமான மரங்கள் தேவைப்படுகின்றன. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே வெட்டவெளி அகன்றுவிட்டால் இதற்கு வழி அடைபட்டுப்போகும். தரையில் இறங்கி நடந்தால் நாய்க்கும் சிறுத்தைப்பூனைக்கும் இரையாகிவிடும். நிழல் மரங்கள் நிறைந்த பழைய காப்பித் தோட்டங்கள் இதற்கு இன்னொரு காடாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

பகலெல்லாம் தூங்கப் பொந்து வேண்டும். இந்த அணிலால் மரத்தைக் குடைந்து வீடு செய்துகொள்ள முடியாது. கிளை முறிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, உள்மரம் மக்கி, பல ஆண்டுகளில் தானாக உருவாகும் பொந்துகளைத்தான் இது தேடுகிறது. உள்ளே மரப்பட்டை நார், பாசி, இலை ஆகியவற்றைப் பரப்பி மெத்தை போட்டுக்கொள்ளும். ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. எப்போதாவது இரண்டு. வீட்டுக் கூரையில் ஓடும் மூன்று வரி அணிலைப்போலச் சட்டென்று பெருகும் இனமல்ல. ஒரு கூடு அழிந்தால் அந்த இழப்பை ஈடுகட்ட நெடுநாள் ஆகும்.

ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்

இப்படிப்பட்ட மரத்தை வெட்டுவதா, விடுவதா என்று முடிவெடுக்கும் முன், அதை ஒரு வாரமாவது கவனிப்பது நல்லது. பொந்தில் இப்போதும் ஆள் இருக்கிறதா, ஒன்றா இரண்டா, குட்டி உண்டா என்பதெல்லாம் மரத்தடியில் நின்று யோசித்தால் தெரியாது. கவனிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பொறுமை போதும்.

பகலில் பார்க்க வேண்டியவை:

பொந்தின் வாய் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தால் ஏதோ ஒன்று அடிக்கடி போய்வருகிறது என்று பொருள். வாயை மறித்துச் சிலந்தி வலை கட்டியிருந்தால் சில நாள்களாக யாரும் நுழையவில்லை. மரத்தடியில் சிறு உருண்டைகளாகப் புழுக்கை, பாதி கடித்துப்போட்ட இலை, கொறித்த பட்டைத் துணுக்கு கிடக்கின்றனவா என்று பாருங்கள். அடிமரத்தில் புதிய நகக்கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொந்துக்குள் கையையோ குச்சியையோ விடாதீர்கள். தேனீ, பாம்பு, உடும்பு, மரநாய், ஆந்தை என்று அங்கே யார் வேண்டுமானாலும் குடியிருக்கலாம். உள்ளே இருப்பதை வெளியே வரவைக்கப் புகை போடவே கூடாது. தாய் ஓடிவிடும். குட்டி உள்ளேயே மூச்சடைத்துச் சாகும்.

அந்தியில் பார்க்க வேண்டியவை:

சூரியன் மறைவதற்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். மரத்தடியில் வேண்டாம். பொந்து தெரியும்படி இருபது, முப்பது அடி தள்ளி, ஒரு புதரையோ மரத்தையோ சாய்ந்து உட்காருங்கள். மங்கலான நிற உடுப்பு நல்லது. பேச்சு வேண்டாம். கைப்பேசித் திரையின் வெளிச்சம்கூட வேண்டாம். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போங்கள்.

இருட்டத் தொடங்கியதும் முதலில் முகம் மட்டும் வெளியே தெரியும். அப்படியே சில நிமிடங்கள் சுற்றுமுற்றும் பார்க்கும். அந்த நேரத்தில் டார்ச் அடித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப அடித்தால் கூட்டையே மாற்றிவிடக்கூடும். டார்ச் தேவையென்றால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் இரவு விலங்குகளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. ஜப்பானில் டோக்கியோவுக்கு அருகே உள்ள தகாவோ மலையில், கோயிலைச் சுற்றி நிற்கும் பழைய மரங்களில் வாழும் பறக்கும் அணில்களைப் பார்க்க வருகிறவர்களும் சிவப்புத்தாள் ஒட்டிய டார்ச்சைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெளிச்சத்தையும் நேரே கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டில் அடியுங்கள். அணிலின் கண் தணல்போல மின்னும். அதை வைத்தே எந்த மரத்துக்குப் போகிறது என்று பின்தொடரலாம்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெளியே வந்த நேரம், எத்தனை, எந்த மரத்துக்குப் போனது, என்ன தின்றது என்று எழுதுங்கள். ஏழு நாள் எழுதினால் மரத்தின் கதை தெரிந்துவிடும்.

வாசகியின் வீட்டில் நடந்தது

கடிதம் எழுதிய வாசகிக்கு இந்த விவரங்கள் முன்கூட்டியே போய்ச் சேர்ந்தன. அவர் வீட்டில் ஏழு நாளும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நோட்டில் எழுதியது கல்லூரிக்குப் போகவிருக்கும் மகள்.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்காரர் இருமியதுதான் காரணம் என்று மகள் எழுதிவைத்திருக்கிறாள். இரண்டாம் நாள் மாலை 6.48-க்கு முகம் தெரிந்தது. 6.55-க்கு வெளியே வந்து உச்சிக்கு ஏறி, வாய்க்கால் ஓரத்து அத்தி மரத்துக்குப் பாய்ந்தது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஏறக்குறைய அதே நேரம், அதே அத்தி.

“அம்மா, அது பறக்கலம்மா, சறுக்குது. அத்தியோட தூர்ல போய் ஒட்டிக்கிட்டு, அப்புறம்தான் மேல ஏறுது” என்று மகள் சொல்ல, திண்ணையில் இருந்த அப்பத்தா, “நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்ப அந்த மரத்துல கண்ணு மினுங்கும். பேய்னு சொல்லி எங்களை உள்ள விரட்டுவாக. இதுதானா அது!” என்றிருக்கிறார்.

ஐந்தாம் நாள் அந்தியில் பெரிய அணில் வெளியேறிய பிறகும் யாரும் எழுந்துபோகவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பொந்தின் வாயில் இன்னொரு முகம் தெரிந்தது. சின்ன முகம். அது வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மர வியாபாரி அடுத்த திங்கள்கிழமை ஆள்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் அன்று இரவே அவருக்குப் போன் செய்து, “அண்ணே, இப்ப வேணாம்ணே” என்று சொல்லிவிட்டதாக வாசகி எழுதுகிறார்.

கணக்கையும் பார்த்துவிடலாம்

கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். அதனால் பரிதாபத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கச் சொல்வது நியாயமாகாது. ஆனால், பொந்து விழுந்த மரத்தின் கணக்கு பெரும்பாலும் விவசாயி நினைப்பதுபோல் இருப்பதில்லை.

பலா மரத்துக்கு விலை அதன் வைரத்தில் இருக்கிறது. உள்மரம் மக்கிய மரத்தில் பலகைக்குத் தேறுவது குறைவு. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டு பேர் கட்டிப்பிடிக்கும் பருமன் இருக்கும். அறுத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் விறகுதான். இந்த வாசகியின் வீட்டிலும் வியாபாரி, “உள்ள கூடா இருக்கு, விறகுக் கணக்குலதான் எடுக்க முடியும்” என்றே சொல்லியிருக்கிறார். அதே மரம் நின்றால் ஆண்டுதோறும் பலா காய்க்கும். மேலே ஏறிய மிளகுக்கொடி காய்க்கும். கீழே காப்பிக்கு நிழல் கிடைக்கும். இந்த மூன்றையும் ஐந்தாண்டுக்குப் பெருக்கி, விறகு விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மலைப்பகுதிகளில் சொந்தத் தோட்டத்து மரமாக இருந்தாலும் நினைத்தபோது வெட்டிவிட முடியாது. தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1955 பொருந்தும் ஊர்களில் முன்அனுமதி வாங்க வேண்டும். பறக்கும் அணிலைப் பிடிப்பதும் கொல்வதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி குற்றம். குட்டி உள்ளே இருப்பது தெரிந்தே மரத்தைச் சாய்த்தால் சிக்கல் வரும்.

வாசகியின் வீட்டில் எடுத்த முடிவு இது. வேலியோரம் முற்றி நிற்கும் மூன்று சில்வர் ஓக் மரங்களை, வெட்டுவதற்கு முறையாக விண்ணப்பித்து விற்பது. பலாவில் வீட்டுக் கூரைக்கு மேலே நீண்டிருக்கும் ஒரு கிளையை மட்டும், குட்டி வெளியேறிய பிறகு கழிப்பது. அடிமரத்தை அப்படியே விடுவது. கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது. அதை மிளகு விற்றதும் சரிக்கட்டலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

எல்லா வீட்டிலும் இப்படி மாற்று வழி இருக்கும் என்று சொல்ல முடியாது. மரம் வீட்டின் மேல் விழும் நிலையில் இருந்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். அப்போதும் வனத்துறையிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பொந்து காலியானதை ஒரு வாரம் அந்தியில் உட்கார்ந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். முடிந்தால் கிளைகளை மட்டும் கழித்து, பொந்து உள்ள அடிமரத்தை நிற்க விடுங்கள். பட்டுப்போன மரமும் கூட்டுக்கு உதவும்.

கூடு உள்ள தோட்டத்தில் செய்ய வேண்டியவை

பொந்துள்ள மரத்திலிருந்து காட்டோரம் வரை உயரமான மரங்கள் தொடர்ச்சியாக நிற்கட்டும். இடையில் மரம் விழுந்து வெளி விட்டால் அங்கே அத்தி, பலா, கல்யாண முருங்கை என்று எதையாவது நடுங்கள். அத்திக்கு முதலிடம் கொடுக்கலாம். ஆனைமலையின் மழைக்காட்டுத் துண்டு ஒன்றில் பெரும் பறக்கும் அணிலின் உணவை ஆராய்ந்தபோது, அதில் அத்திதான் முதலிடம் பிடித்தது. பழம் மட்டுமல்ல, அத்தி இலையையும் தின்கிறது. வாய்க்கால் ஓரத்தில் ஓர் அத்தி நின்றால், பலாப் பழத்தின் மேல் அதன் கவனமும் குறையும்.

முற்றத்து மின்விளக்கு பொந்தைப் பார்த்து எரிந்தால் திருப்பிவையுங்கள். இரவு முழுவதும் வெளிச்சம் படும் பொந்தில் அணில் தங்காது. அணில் இறங்கும் மரங்களின் தூரில் முள்கம்பியைச் சுற்றி ஆணி அடிக்காதீர்கள். பாய்ந்து வரும்போது தோல்மடிப்பு சிக்கினால் கிழிந்துவிடும். மிளகு பறிக்க அந்த மரத்தில் ஏணி சாத்துவதைப் பகலில் முடித்துவிடுங்கள்.

தரையில் குட்டி கிடந்தால் வெறும் கையால் தூக்காதீர்கள். பசும்பால் ஊட்டாதீர்கள். நாயும் பூனையும் அண்டாதபடி பார்த்துக்கொண்டு, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். பகலாக இருந்தால் துணி விரித்த பெட்டியில் வைத்து நிழலில் வைக்கலாம். யாரையாவது கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

கூட்டைப் படம் எடுத்தால், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கைப்பேசிக் குழுக்களில் போடாதீர்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் பின்னாலேயே வேட்டைக்காரர்களும் வருவார்கள்.

“எங்கள் தென்னந்தோப்பில் இளநீர்க் காய்கள் துளைபட்டு விழுகின்றன. பறக்கும் அணில்தான் காரணம் என்கிறார்கள். உண்மையா?”

- வாசகர், தேனி மாவட்டம்.

தோப்பு காட்டை ஒட்டி இருந்தால் பறக்கும் அணில் வந்துபோக வாய்ப்பு உண்டு. ஆனால், பழியை அதன்மேல் போடும் முன் காயை எடுத்துப் பாருங்கள். காம்புப் பக்கத்தில் வட்டமாகத் துளையிட்டு இளங்காய்கள் விழுந்தால் அது பெரும்பாலும் எலியின் வேலை. எலிக்கு, தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் தென்னையைச் சுற்றி வழுவழுப்பான தகரப் பட்டை கட்டலாம். மட்டைகள் பக்கத்து மரத்தைத் தொடாமல் கழித்துவிட வேண்டும். கொண்டையையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். தகரம் கட்டிய பிறகு சேதம் நின்றுவிட்டால், வந்தது தரையிலிருந்து ஏறும் எலி. பறக்கும் அணில் மரத்துக்கு மரம் பாய்ந்து வருவதால் தகரம் அதைத் தடுக்காது. எனவே பட்டை கட்டியும் சேதம் தொடர்ந்தால் மட்டும், மேலே சொன்னபடி இரண்டு, மூன்று அந்திப்பொழுதுகள் சிவப்பு டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். மருந்து வைக்கும் எண்ணமே வேண்டாம். எலிக்கு வைத்த விஷம் எலியைத் தின்னும் ஆந்தையையும் கொல்லும். ஆந்தை போனால் எலி இரட்டிப்பாகும்.

“பறக்கும் அணில் குட்டியை எடுத்து வளர்க்கலாமா? பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.”

- வாசகர், நெல்லை மாவட்டம்.

கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். மரத்துக்கு மரம் பாயப் பிறந்த உயிரைக் கூண்டில் அடைத்தால், பிள்ளைகள் பார்க்கப்போவது பகலெல்லாம் சுருண்டு கிடக்கும் ஒரு மயிர்ப்பந்தைத்தான். பிள்ளைகளின் ஆசை நல்ல ஆசை. அந்தியில் அவர்களை மரத்துக்கு எதிரே கூட்டிக்கொண்டு போய் உட்காரவையுங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். மலைத்தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது.

கீழ்ப்பழனி வாசகியின் இரண்டாவது கடிதம், மகளின் நோட்டிலிருந்து எடுத்த வரிகளோடு முடிகிறது: “ஏழாம் நாள். 6.52. பெருசு அத்திக்குப் போச்சு. சின்னது வாசல்லயே உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கு. இன்னும் பாயலை.”